எம்ஜிபி காரில் ‘டொக்’ சத்தம்: எஞ்சினை இறக்குவதா, ஆக்சிலைத் திறப்பதா?

1962 செப்டம்பரில் அறிமுகமாகி, 1980 அக்டோபர் வரை ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான எம்ஜிபி, பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வார இறுதிகளில் ஓட்ட ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் விலை கேட்கும் வண்டி. உதிரிபாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் தாமே பிரித்துப் பூட்டிவிடலாம். இந்த வசதியே ஒரு தொல்லையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஒரே குறைக்கு நான்கைந்து தீர்வுகள் விற்பனைக்கு இருப்பதால், கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டறியாமலே விலை அதிகமான தீர்வை வாங்கிப் பூட்டிவிட முடிகிறது.

என்னிடம் இருப்பது 1972-இல் தயாரான, கம்பிச் சக்கரமும் ஓவர்டிரைவும் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் துணைக் கியர்) கொண்ட ரோட்ஸ்டர், அதாவது திறந்த கூரை வண்டி. சென்ற ஆண்டு அதில் மூன்று குறைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தலைகாட்டின. கிளட்சை விட்டு வண்டி நகரும் கணத்திலும், ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போதும் பின்பக்கத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். மணிக்கு 60 மைலை நெருங்கும்போது இருக்கைக்கு அடியில் ஒரு மெல்லிய அதிர்வு. ஓவர்டிரைவோ ஒரு நாள் விழும், அதாவது வேலைக்கு வரும்; மறுநாள் விழாது. ஓட்டிப் பார்த்த மெக்கானிக் ஒருவர் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கி வேறு போட வேண்டும்.

அந்தத் தீர்ப்பை ஏற்பதற்கு முன் என் முன்னால் இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தேன். எஞ்சினோடு கியர்பாக்ஸை இறக்கி அதையும் ஓவர்டிரைவையும் புதுப்பிப்பது, அல்லது பழையதைக் கொடுத்துப் புதுப்பித்த ஒன்றை வாங்குவது ஒரு வழி. இரண்டையும் கழித்துவிட்டு, ஃபோர்டு சியராவின் ‘டைப் 9’ பெட்டியையோ மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் பெட்டியையோ பூட்டி ஐந்து கியர் வண்டியாக மாற்றுவது இன்னொன்று. எஞ்சினைத் தொடாமல், வண்டிக்கு அடியில் படுத்தபடியே கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டுகளையும் ஆக்சிலுக்குள் இருக்கும் வாஷர்களையும் மாற்றுவது மூன்றாவது. பின் ஆக்சிலையே முழுதாகக் கழற்றிப் புதுப்பித்த வேறொன்றைப் போடுவது நான்காவது. மூன்றாவது வழிக்குச் சில பத்துப் பவுண்டுகளும் ஒரு வார இறுதியும் போதும். முதலாவதும் நான்காவதும் நூற்றுக்கணக்கில் கேட்கும். இரண்டாவது ஆயிரங்களில் போய் நிற்கும். இப்படி ஏணிப்படி போல விலை ஏறிப் போகும்போது, எந்தப் படியில் நிற்பது என்பதை முடிவு செய்ய வேண்டியது சத்தத்தின் கடுமை அல்ல, அது பிறக்கும் இடம்.

எம்ஜிபியைப் பொறுத்தவரை இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பல பின்சக்கர இயக்க வண்டிகளில் கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்கிக் கிளட்சை மாற்றிவிடலாம். எம்ஜிபியில் அது நடவாது. கிளட்ச் தட்டைத் தொட வேண்டுமானாலும் எஞ்சின் மேலே வந்தாக வேண்டும். தனியாகவோ, கியர்பாக்ஸோடு சேர்த்தோ கிரேனில் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆகவே எஞ்சினை எடுக்கும் வேலை, எடுக்காத வேலை என்று இரண்டே சாதிதான். எடுக்காமல் விலக்கக்கூடிய சந்தேகங்கள் அத்தனையையும் விலக்கிய பிறகே எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். எடுத்துவிட்டால், கணக்கு தலைகீழாக மாறிவிடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்டம் எங்கே இருக்கிறது?

‘டொக்’ சத்தம் என்பது தளர்வுகளின் கூட்டுத்தொகை. கியர்பாக்ஸின் பற்களிடையே கொஞ்சம், ஷாஃப்ட்டின் முன் ஜாயின்ட்டில் கொஞ்சம், அதன் நழுவு பகுதியில் கொஞ்சம், பின் ஜாயின்ட்டில் கொஞ்சம், ஆக்சிலுக்குள் ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பும் பினியன், கிரவுன் என்ற இரு பற்சக்கரங்களுக்கு இடையே கொஞ்சம், இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்களில் கொஞ்சம், கம்பிச் சக்கரமாக இருந்தால் ஹப்பின் பள்ளங்களில் கொஞ்சம் என்று வழிநெடுகச் சேர்ந்துகொண்டே போகும். எங்கோ ஓரிடத்தில் அளவு மீறினால் மொத்தமும் காதுக்குக் கேட்கிறது. காதை நம்பி இடம் சொல்வது கடினம். ஷாஃப்ட் செல்லும் சுரங்கம் ஒரு பறைபோலச் சத்தத்தை வண்டி முழுக்கப் பரப்பிவிடுகிறது.

இதற்குத் தேவையானது ஒரு சாக்பீசும் இரண்டு ஆக்சில் தாங்கிகளும். முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, தாங்கிகளை ஆக்சில் குழாய்களுக்கு அடியிலேயே வைத்து வண்டியை நிறுத்த வேண்டும். உடலைத் தாங்கி நிறுத்தினால் ஆக்சில் தொங்கி, ஷாஃப்ட்டின் கோணம் மாறி, பரிசோதனை பொய்த்துவிடும். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பினியன் ஃபிளாஞ்சின் விளிம்பிலும் அதற்கு நேராக ஆக்சில் கூட்டிலும் ஒரு கோடு போட்டேன். ஃபிளாஞ்சைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பினால், அந்தக் கோடுகள் எவ்வளவு விலகுகின்றனவோ அவ்வளவும் ஆக்சிலுக்குள் இருக்கும் ஆட்டம். என் வண்டியில் கோடுகள் ஒரு விரற்கடைக்கு விலகி, இரு முனையிலும் மந்தமாக ‘டொக்’ என்று முட்டின. சாலையில் கேட்ட அதே சத்தம், சிறியதாக, முகத்துக்கு அரையடி மேலே.

இந்த இடத்தில் பலர் பதறிவிடுகிறார்கள். ஆக்சிலின் விகிதம் 3.909-க்கு 1 என்பதால், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஒரு பாகைத் தளர்வு ஷாஃப்ட்டில் ஏறக்குறைய நான்கு பாகையாகப் பெருகித் தெரியும். ஷாஃப்ட் நிறையத் திரும்புகிறது என்பதை வைத்துக் கிரவுனும் பினியனும் தேய்ந்துவிட்டன என்று முடிவு கட்டி ஆக்சிலை மாற்றியவர்கள் உண்டு. உண்மையில் அந்தப் பற்கள் சரியாகவே இருந்து, பக்கத்தில் உள்ள சில வாஷர்கள் மட்டும் தேய்ந்திருக்கும் வாய்ப்பே அதிகம்.

ஜாயின்ட்டுகளைப் பார்ப்பது எளிது. ஷாஃப்ட்டின் ஒரு கவையை ஒரு கையிலும் எதிர்க்கவையை மறுகையிலும் பிடித்து எதிரெதிராகத் திருக வேண்டும். பிறகு ஒரு கம்பியை நெம்புகோலாகக் கொடுத்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். நல்ல ஜாயின்ட்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டமே இருக்கக் கூடாது. ‘கொஞ்சம்தான் இருக்கிறது’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. மூடிகளைச் சுற்றிச் செங்கல்தூள் நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று பொருள். என் வண்டியின் முன் ஜாயின்ட் சுத்தம். பின் ஜாயின்ட்டில் துருப்பொடியும் இருந்தது, மயிரிழை ஆட்டமும் இருந்தது.

கம்பிச் சக்கரம் உள்ளவர்கள் இன்னும் ஒரு சோதனையைச் செய்தாக வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் தூக்கிய சக்கரத்தை முன்னும் பின்னும் உலுக்க வேண்டும். டிரம் நிற்கும்போது சக்கரம் மட்டும் அசைந்தால், குற்றவாளி ஹப்பின் பள்ளங்கள்தான். சக்கரத்தைக் கழற்றிப் பற்களின் மேல் விரலை ஓட்டினால் சந்தேகமே இருக்காது. நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும், தேய்ந்தது ரம்பம்போல் கூராகி விரலைக் கீறும். இந்தத் தேய்மானத்தால் வரும் சத்தம் வண்டி கிளம்பும்போது மட்டுமல்லாமல் பிரேக் பிடிக்கும்போதும் கேட்கும் என்பது இன்னொரு அடையாளம். பழைய ஹப்பில் புதுச் சக்கரத்தை மாட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பது வீண். தேய்ந்த பல் புதுப்பல்லைச் சீக்கிரமே தின்றுவிடும். போகிற போக்கில், ஆக்சிலை இலைச்சுருளோடு கட்டும் யூ-போல்ட்டுகளின் நட்டுகளையும் கியர்பாக்ஸ் மவுண்ட்டின் ரப்பரையும் பார்த்துவிடுவது நல்லது. இவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும். செலவு ஏதுமின்றித் தீரும்.

ஓவர்டிரைவையே கருவியாக்குதல்

அதிர்வை ஆராய எம்ஜிபியில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. லேகாக் நிறுவனத்தின் ஓவர்டிரைவ், கியர்பாக்ஸுக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கும் இடையில் அமர்ந்திருக்கிறது. அது விழுந்தால் எஞ்சினின் வேகம் மட்டும் குறையும். அதே சாலை வேகத்தில் ஷாஃப்ட்டின் வேகமும் சக்கரத்தின் வேகமும் மாறாது. நான்காவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் வண்டி மணிக்கு ஏறக்குறைய 18 மைல் வேகம் போகிறது. அப்படியானால் 60 மைலில் எஞ்சின் 3330 சுற்று. நான்காவது கியர் நேரடிக் கியர் என்பதால் ஷாஃப்ட்டும் 3330 சுற்று, அதாவது நொடிக்கு 55 முறை. சக்கரமோ அதை 3.909-ஆல் வகுத்த 850 சுற்று, நொடிக்கு 14 முறை. இப்போது ஓவர்டிரைவைப் போட்டால் எஞ்சின் 2730-க்கு இறங்கும். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும்.

ஆகவே 60 மைலில் ஒரே சீராக ஓட்டியபடி ஓவர்டிரைவைப் போட்டும் எடுத்தும் பார்க்க வேண்டும். அதிர்வு மறைந்தோ மாறியோ போனால் அது எஞ்சின், கிளட்ச் பக்கத்துச் சமாச்சாரம். மாறாமல் தொடர்ந்தால் ஷாஃப்ட் அல்லது சக்கரம். ஓவர்டிரைவ் வேலை செய்யாத நாளில் கிளட்சை மிதித்து எஞ்சினைச் சும்மா விட்டு வண்டியை உருளவிட்டும் இதே கேள்வியைக் கேட்கலாம். பிறகு ஷாஃப்டையும் சக்கரத்தையும் பிரிப்பது கைக்கும் தொடைக்கும் தெரியும் விஷயம்: நொடிக்கு 14 என்பது ஸ்டியரிங்கையும் கதவையும் ஆட்டும் குலுக்கல், நொடிக்கு 55 என்பது தரைவழியாகப் பாதத்தில் ஏறும் ரீங்காரம். கைப்பேசியைச் சுரங்கத்தின் மேல் வைத்து அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றைத் திறந்தால் எண்ணாகவே பார்த்துவிடலாம். அபிங்டனில் இந்த வண்டியைச் சோதித்து அனுப்பியவர்கள் கண்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்கள். என் வண்டியில் ஓவர்டிரைவ் விழுந்தாலும் எழுந்தாலும் அதிர்வு மாறவில்லை; அது ரீங்காரமாகவே இருந்தது. பின் ஜாயின்ட்டின் துருப்பொடியோடு இதைச் சேர்த்துப் பார்த்தபோது இரண்டாவது குறைக்கு விடை கிடைத்துவிட்டது.

ஓவர்டிரைவ் ஏன் சில நாள் விழவில்லை என்பது தனிக் கேள்வி. இங்கேதான் மின்சாரக் குறையை இயந்திரக் குறையாக எண்ணி எஞ்சினை இறக்கும் அவலம் அதிகம் நடக்கிறது. எஞ்சினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, நான்காவது கியரில் வைத்து ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்ட வேண்டும். கியர்பாக்ஸ் பக்கமிருந்து, ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தமான சொலினாய்டு ‘டிக்’ என்றால் மின்சாரம் போய்ச் சேர்கிறது. சத்தமே இல்லையென்றால் கோளாறு ஒயரிலோ, சுவிட்சிலோ, கியர்பாக்ஸின் மேல் இருக்கும் தடுப்புச் சுவிட்சிலோ இருக்கிறது. 1972 வண்டியில் அந்தத் தடுப்புச் சுவிட்ச் மூன்றாவது, நான்காவது கியர்களில் மட்டும் மின்சாரத்தை விடும். அதைத் தாண்டி நேரடியாக மின்சாரம் கொடுத்தபோது என் சொலினாய்டு ஒவ்வொரு முறையும் தவறாமல் அடித்தது. அந்தச் சுவிட்சை எட்ட கியர்பாக்ஸின் குறுக்குச்சட்டத்தைத் தளர்த்திப் பின்பகுதியைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். விரல் முட்டியெல்லாம் உரிந்துபோகும் வேலைதான். ஆனால் எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கும்.

‘டிக்’ கேட்டும் விழவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது எண்ணெய். கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே எண்ணெயைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெய்தான் அதற்கு உரியது. மட்டம் குறைந்தால் முதலில் முரண்டு பிடிப்பது ஓவர்டிரைவே. ஆக்சிலுக்கு உரிய இபி-90 எண்ணெயை முந்தைய உரிமையாளர் யாராவது ‘கெட்டியாக இருந்தால் நல்லதுதானே’ என்று கியர்பாக்ஸில் ஊற்றியிருந்தால் அதையும் வடித்துவிட வேண்டும். அடித்தட்டைக் கழற்றி வடிகட்டியைக் கழுவுவதும், சொலினாய்டையும் அதன் ரப்பர் வளையங்களையும் மாற்றுவதும் வண்டிக்கு அடியிலிருந்தே செய்யக்கூடியவை. இவை எல்லாம் முடிந்தும், எஞ்சின் சூடேறிய பிறகு தயங்கித் தயங்கி விழுவது, மேட்டில் ஏறும்போது வழுக்கி விடுபடுவது என்று தொடர்ந்தால் உள்ளே அழுத்தம் கசிகிறது அல்லது கூம்புக் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அப்போது அதை வெளியே எடுக்க வேண்டியதுதான். விழுந்த ஓவர்டிரைவ் எழ மறுப்பது மட்டும் ஒத்திப்போட முடியாத குறை. அந்த நிலையில் ரிவர்ஸ் எடுத்தால் உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் உடையும்.

கியர்பாக்ஸ் மீதான குற்றச்சாட்டு

கியர்பாக்ஸையே நேராக விசாரிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன: கியருக்குக் கியர் சத்தம் மாறுவதைக் கேட்பது, எண்ணெயை வடித்துப் பார்ப்பது. நான்காவது கியரில் விசை நேராகப் போவதால், மற்றக் கியர்களுக்கு விசையைக் கடத்தும் கீழ்த்தண்டின் மேல் பாரம் விழாது. ஒன்று, இரண்டு, மூன்றில் உறுமி, நான்கில் அமைதியாகிவிடும் பெட்டியில் தேய்ந்திருப்பது அந்தக் கீழ்த்தண்டும் அதன் பேரிங்குகளும். எந்தக் கியரிலும் ஒரே சாலை வேகத்தில் ஒரே ஊளை கேட்டால் அது ஆக்சில். நியூட்ரலில் இரைந்து, கிளட்சை மிதித்ததும் நின்றுவிடுவது கியர்பாக்ஸின் முன் பேரிங். மாறாக, மிதிக்கும்போது மட்டும் எழுவது கிளட்சின் ரிலீஸ் பேரிங். எம்ஜிபியில் அது குண்டுகள் இல்லாத, கரியால் ஆன வளையம். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே காத்திருப்பவர்கள் அந்தக் கரியை அரைத்துத் தீர்க்கிறார்கள்.

ரிவர்ஸ் போடும்போது ‘கர்’ரென்று கடிபடுவதையும் கியர்பாக்ஸின் தலையில் கட்டுவது வழக்கம். கிளட்சை முழுதாக மிதித்து, ஐந்தாறு நொடி காத்திருந்து ரிவர்ஸ் போட்ட பிறகும் கடிபட்டால், கிளட்ச் சரியாக விடவில்லை என்று பொருள். காரணம் பல வேளைகளில் உள்ளே இல்லை. பெடலை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் முள், நாற்பது ஐம்பது ஆண்டு உழைப்பில் இடுப்புச் சிறுத்துப் போயிருக்கும். கீழே கிளட்ச் கவையின் முள்ளும் அப்படியே. இரண்டிலும் சிறிது சிறிதாக இழக்கும் நகர்வு, கிளட்ச் தட்டில் போய்ச் சேரும்போது பெரிய குறையாகிவிடுகிறது. கீழ்ச் சிலிண்டரின் தள்ளுதண்டு ஏறக்குறைய அரை அங்குலம் நகர்கிறதா என்று ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, முள்களையும் ரப்பர் குழாயையும் மாற்றிய பிறகே கிளட்சைக் குறை சொல்ல வேண்டும்.

என் வண்டியில் மூன்றாவது கியரில் மெல்லிய உறுமல் இருந்தது, நான்கில் இல்லை. கியர்பாக்ஸ் எண்ணெயைச் சுத்தமான தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். பித்தளை நிறத்தில் நுண்ணிய மினுக்கம் இருந்தது. அது, கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ வளையங்களின் இயல்பான தேய்மானம். காந்தத்தை ஓட்டியபோது சேற்றுப்பசை ஒட்டியது. செதில் எதுவும் ஒட்டவில்லை. எஃகுச் செதில் ஒன்று கிடைத்திருந்தாலும் என் முடிவு வேறாக இருந்திருக்கும். மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்: கியர்பாக்ஸ் தேயத் தொடங்கியிருக்கிறது. ஆனால் நான் புகார் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுகூட அதனால் வரவில்லை.

வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தால்

ஐந்து கியர் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆசை காட்டுவது அதுதான். விற்பவர்கள் நெடுஞ்சாலையில் எஞ்சின் அமைதியாக ஓடும் என்கிறார்கள். ஓவர்டிரைவ் இல்லாத எம்ஜிபிக்கு அது முழு உண்மை. ஓவர்டிரைவ் உள்ள வண்டிக்கு? டைப் 9 பெட்டியின் ஐந்தாவது கியர் விகிதம் 0.82, எம்எக்ஸ்-5 பெட்டியில் 0.81, 1960-களின் இறுதியிலிருந்து எம்ஜிபியில் வந்த ஓவர்டிரைவின் விகிதமும் 0.82. ஆயிரக்கணக்கான பவுண்டுகளைச் செலவழித்துப் போய்ச் சேரும் இடம் புறப்பட்ட இடமேதான். போதாக்குறைக்கு, மூன்றாவது கியரில் ஓவர்டிரைவைப் போட்டால் கிடைக்கும் 1.13 விகிதம், வேல்ஸ் மலைச்சாலைகளில் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் அவ்வளவு பொருத்தமாக அமையும். அதையும் இழக்க நேரிடும். டைப் 9-இன் முதல் கியர் 3.65 என்பதும் எம்ஜிபியின் 3.44-ஐவிடக் குட்டை, நகர்ந்ததுமே இரண்டாவதுக்குத் தாவ வேண்டியிருக்கும்.

அதற்காக அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. எம்எக்ஸ்-5-இன் பெட்டி எடை குறைந்தது, கியர் மாற்றுவது வெண்ணெய் போல இருக்கும், அழுத்தம் கசிவதற்கு அதில் ஓவர்டிரைவ் இல்லை. அசல் பெட்டி உடைந்து, ஓவர்டிரைவும் இல்லாத ஒரு வண்டியை தினமும் ஓட்டுபவர் என்றால் நானே அதைப் பரிந்துரைப்பேன். பெட்டியின் விலையோடு முடிவதில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: ஷாஃப்ட்டின் நீளத்தை மாற்ற வேண்டும், மவுண்ட்டை மாற்ற வேண்டும், ஸ்பீடோமீட்டரைத் திருத்த வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். கழற்றிய அசல் பெட்டியை விற்காமல் வைத்திருப்பதும் அவசியம். வண்டியை விற்கும் நாளில் அதற்கு மதிப்பு உண்டு.

ஆக்சிலை முழுதாக மாற்றுவதும் ஆக்சிலைத் திறந்து வாஷர் மாற்றுவதும் ஒரே இடத்துக்கான இரு வைத்தியங்கள். தேர்வு செய்ய உதவுவது ஊளைச் சத்தம். முடுக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் வேறு சுரத்தில் ஊளையிட்டால் கிரவுனும் பினியனும் அல்லது பினியன் பேரிங்குகள் போய்விட்டன. அவற்றைப் பொருத்துவது ஷிம் வாஷர்களை வைத்து நூலளவு பிசகாமல் இடைவெளி அமைக்கும் வேலை. தனிக் கருவிகள் வேண்டும். வீட்டுக் கொட்டகையில் முயலாமல் புதுப்பித்த ஆக்சிலை வாங்குவதே சிக்கனம். ஊளை இல்லாமல் ‘டொக்’ மட்டும் இருந்தால் வாஷர்களே போதும். எந்த ஆக்சில் என்பதும் இங்கே முக்கியம். 1967 வரையிலான ரோட்ஸ்டர்களில் இருந்தது பழைய பாஞ்சோ வகை. அதில் டிஃபரன்ஷியலை எட்ட அரைத்தண்டுகளை உருவி, முன்பக்கமாக மொத்தத்தையும் இறக்க வேண்டும். கூரை மூடிய ஜிடி கார்களில் 1965 முதலும், பிறகு ரோட்ஸ்டர்களிலும் வந்த குழாய் வகையில் பின்மூடியைக் கழற்றினாலே எல்லாம் கண்முன் வந்துவிடுகிறது. என்னுடையது இரண்டாவது வகை. பாஞ்சோ ஆக்சில் உள்ளவர்களுக்கு மூன்றாவது வழி நான் சொல்லுமளவுக்கு எளிதாக இருக்காது.

எஞ்சினை இறக்கும் வழியை நான் அப்போதைக்கு ஒதுக்கினேன் என்றாலும், அது தவறான வழி என்று சொல்ல மாட்டேன். கிளட்ச் வழுக்கினாலோ, பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் சொட்டினாலோ, கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தாலோ, கீழ்த்தண்டின் உறுமல் பேச்சை மறைக்குமளவுக்கு உயர்ந்தாலோ வேறு போக்கில்லை. அப்போது செய்யக் கூடாதது அரைகுறை வேலை. ஐந்து பவுண்டு சீலுக்காக மறுபடியும் கிரேனைக் கொண்டுவர யாரும் விரும்ப மாட்டார்கள். கிளட்ச் முழுத் தொகுதி, கிராங்க் தண்டின் பின் சீல், கியர்பாக்ஸின் முன் சீல், கீழ்த்தண்டு, பேரிங்குகள், ஓவர்டிரைவின் ரப்பர் வளையங்கள் என்று அங்கே எட்டும் அத்தனையையும் சேர்த்தே முடித்துவிட வேண்டும். எஞ்சின் வண்டிக்குள் இருக்கும்வரை ஒவ்வொரு பாகத்துக்கும் ‘இது அவசியமா?’ என்று கேட்பது சரி. வெளியே வந்த பிறகு ‘இதை விட்டுவைக்க என்ன காரணம்?’ என்று கேட்பதே சரி.

இன்னொரு வழியும் உண்டு: ஒன்றும் செய்யாமல் ஓட்டுவது. வாஷர் தேய்ந்த ‘டொக்’ சத்தத்தோடு பல ஆண்டு ஓடும் எம்ஜிபிகள் இருக்கின்றன. அதில் பெரிய ஆபத்து இல்லை. ஜாயின்ட் அப்படியல்ல. 60 மைல் வேகத்தில் அது உடைந்து ஷாஃப்ட் தனியே சுழலத் தொடங்கினால் நேரும் சேதம் எந்தப் புதுப்பித்தலைவிடவும் அதிகம். 2018 மே மாதத்திலிருந்து, 40 வயது கடந்து பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு பிரிட்டனில் ஆண்டுதோறும் எம்ஓடி எனப்படும் வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. எம்ஜிபிகள் எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறையாவது வேறொருவர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். விலக்கைப் பயன்படுத்துபவர்களின் வண்டியில் இப்போது அந்த டார்ச்சும் இல்லை.

நான் எடுத்துக்கொண்டது மூன்றாவது வழியை. சனிக்கிழமை ஷாஃப்டைக் கழற்றினேன். கழற்றும் முன் இரு முனைகளின் ஃபிளாஞ்சுகளிலும், நழுவு பகுதியின் இரு பக்கங்களிலும் கோடு போட்டுக்கொண்டேன். பூட்டும்போது இரு கவைகளும் ஒரே தளத்தில் அமையாவிட்டால் புது ஜாயின்ட் போட்டும் அதிர்வு போகாது. இரண்டு ஜாயின்ட்டுகளையுமே மாற்றினேன், முன்னது நன்றாக இருந்தும். விலை அவ்வளவு குறைவு. ஞாயிறன்று பின்மூடியைத் திறந்து, சிறு பற்சக்கரங்களின் குறுக்கு முள்ளைப் பூட்டியிருந்த ஊசியைத் தட்டி எடுத்து முள்ளை உருவினேன். கிண்ணம்போல் குழிந்த இரண்டு வாஷர்களில் ஒன்று முழுதாக வந்தது. மற்றது மூன்று துண்டாக வந்தது, ஒவ்வொன்றும் பழைய பத்துப் பைசா நாணயத்தைவிட மெலிதாக. பெரிய பற்சக்கரங்களின் தட்டை வாஷர்களை எடுக்க அரைத்தண்டுகளைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. குறுக்கு முள்ளில் நகம் பட்டுத் தடுக்கும் பள்ளம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது வாஷரால் பயனில்லை. என் முள் வழவழப்பாகவே இருந்தது. புதிய இபி-90 எண்ணெய் ஊற்றி, மூடியைப் புது கேஸ்கெட்டோடு மூடினேன். அடுத்த வாரம் தடுப்புச் சுவிட்சும் மாற்றியாயிற்று.

சாக்பீசுக் கோடுகள் இப்போதும் விலகுகின்றன, முன்பு விலகியதில் மூன்றில் ஒரு பங்கு. சத்தம், உற்றுக் கேட்டால் உண்டு. மூன்றாவது கியரின் உறுமலை வண்டியின் பதிவேட்டில் அன்றைய மைல் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் எண்ணெயில் காந்தத்தை ஓட்டிப் பார்க்கிறேன். செதில் ஒட்டும் வரையிலோ கிளட்ச் வழுக்கும் வரையிலோ கிரேன் வாடகைக்குக் கேட்கப் போவதில்லை.